ஐந்து சொற்கள்

கணுக்காலுக்கு டேப் சுற்றுவதில் இந்த ரொறன்ரோவில் என்னை வெல்ல ஆளில்லை. நான் சுற்றிவிட்டால் ஆட்டம் முடியும்வரை அது அசையாது. பத்தொன்பது வருடமாக ஒரே காற்பந்து அணியில், அடிபடுகிற வீரர்களைப் பார்க்கிற சிகிச்சையாளனாக இருக்கிறேன். பிரதாபன் என்ற பெயர் அங்கே ஒருவருக்கும் வாயில் வராது, ‘பிராட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சுபாங்கி.

இரண்டு நாளாக விசாரணையில் இங்கிலிஷில் கேள்வி கேட்டவர்கள் இன்றைக்குத் தமிழ் வழக்கறிஞரான உங்களை அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்காமலில்லை. தொலைக்காட்சிக்காரர் அடிபட்டவனின் வாயருகிலும் மைக்கை நீட்டுவார்கள். மேசையில் கிடக்கும் அந்த ஹெட்போனை வந்து இருந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மைக்கின் ஒலிப்பதிவில் எவ்வளவு கேட்டீர்கள் என்று நீங்கள் சொல்லப்போவதில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்ததில்லை என்றீர்கள். காற்பந்து என்று பெயர்தானே தவிர, பெரும்பாலும் கையால்தான் விளையாடுவது. குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் முதலில் பந்து வரும். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று செக்கனுக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூற்றிருபது கிலோ ஆட்கள் அவன்மேல் வந்து விழுவார்கள். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரெக்ஸ்டேலில் வளர்ந்த ஒரு பெடியன் அந்த இடத்தில் நிற்பான் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. கீதன் நின்றான். நான்கு வருடம் மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் குந்தியிருந்துவிட்டு ஐந்தாம் வருடம் நின்றான். அந்த வருடமே அமெரிக்க அணிகள் அவனைப் பார்க்க ஆள் அனுப்பத் தொடங்கின. அவனுக்கு இருபத்தொன்பது வயது. இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று வராது.

எங்கள் சனத்தில் சந்தோசப்படாதவர் யார்? யூனியன்வில்லில் ஒரு கலியாணவீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். கீதனைப் பார்த்துக்கொள்கிற அண்ணை என்று எல்லோருக்கும் காட்டினார்கள். அதற்கு முன் அதே ஆட்கள் நான் என்ன வேலை செய்கிறேன் என்றுகூடக் கேட்டதில்லை. அதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

தலையில் அடி விழுந்தால் அணியின் டொக்டர் லெஸ்லி ஒரு சோதனை வைப்பார். ஐந்து இங்கிலிஷ் சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பிறகு மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லவேண்டும், ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். கடைசியில் அந்த ஐந்து சொற்களையும் மறுபடி கேட்பார். தவறினால் அன்றைக்கு வெளியேதான். சிலவேளை அந்த வருடமே வெளியேதான்.

முதல் தடவை ஜூலையில். யன்னல், குதிரை, சீனி, தொப்பி, மழை. கீதனுக்கு இரண்டுதான் ஞாபகம் வந்தது. நான் அவன் கழுத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் சொல்வதுபோல் தமிழில் கதைத்தேன்.

“பயப்படாதை. மழை பெய்யுது, தொப்பியைப் போடு. யன்னலுக்குக் கிட்ட இருந்து சீனி போட்ட தேத்தண்ணி குடிப்பம். நீ குதிரையெல்லோ.”

கீதன் சிரித்தான். ஐந்தையும் இங்கிலிஷில் அழகாகச் சொன்னான். தாய்மொழிக்காரன் ஒருவன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு நல்லது என்று லெஸ்லி என் தோளில் தட்டினார். நல்ல மனிதர். அவரில் ஒரு பிழையும் இல்லை.

ஓகஸ்டில் மாதங்களும் அவனுக்குத் தடுமாறின. ‘நவம்பர்’ என்று சொன்னால் லெஸ்லிக்குப் பிடிபட்டுவிடும். ஆகவே கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி என்று முணுமுணுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அவனுக்கு உதவியது. ஒற்றைக்காலில் நிற்கும்போது விழாமல் இருக்கப் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அது என் வேலைதான்.

அந்தக் கிழமை அவன் மனைவி துர்க்கா கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தாள்.

“அண்ணை, இவர் ஒரே கதையை மூண்டு தரம் சொல்லுறார். கார் எங்க நிக்குதெண்டு என்னைக் கேக்கிறார். உங்களுக்கு ஏதும் தெரியுமே?”

“களைப்பு, பிள்ளை” என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடியவும் உடைமாற்றும் அறை வாசலில் வந்து நிற்பாள், அவனைப் பார்க்குமுன் என்னைத்தான் பார்ப்பாள். அந்த ஒலிப்பதிவைத் தேடி எடுக்கச் சொன்னது அவளாகத்தான் இருக்கவேண்டும். நான் கோபப்படவில்லை. இப்போது கீதனுக்குச் சேர்ட் பொத்தான் பூட்டிவிடுவதும் அவள்தான், பாவம்.

ஒக்ரோபரில் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்து ஆறாவது வரிசையில் இருந்தார்கள். பாதி ஆட்டம் முடிகிற நேரம் கீதனை விழுத்தினார்கள். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மைதான ஓரத்துக் கூடாரத்துக்குள் கொண்டுபோனோம். லெஸ்லி சொற்களை வாசித்தார். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டீர்கள். அப்படியென்றால் முழுவதையும் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, ஒலிப்பதிவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மைதானத்தில் கீதன் ஒருநாளும் தமிழ் கதைத்ததில்லை. தங்களைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று மற்ற வீரர்கள் நினைப்பார்களாம், அவனுக்குக் கூச்சம். நான் தமிழில் சொன்னாலும் பதில் இங்கிலிஷில்தான் வரும். ஐந்து வருடமும் அப்படித்தான். அன்றைக்கு அவன் வாயில் ஒரு இங்கிலிஷ் சொல்லும் வரவில்லை. வந்தது ஏழு வயதுப் பிள்ளையின் தமிழ். அதற்கு என்ன அர்த்தம் என்று லெஸ்லிக்குத் தெரிய வழியில்லை. அந்தக் கூடாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“அண்ணை, வெளிச்சம் குத்துது. எனக்கு ஏலாது. வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ.”

இரண்டு தரம் சொன்னான். என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

என்ன சொல்கிறான் என்று லெஸ்லி கேட்டார். ஐந்து சொற்களையும் சொல்லிவிட்டான், பகிடிக்குத் தமிழில் சொல்கிறான் என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது, தன்னை விளையாட விடச்சொல்லிக் கெஞ்சுகிறான் என்றேன். லெஸ்லி சிரித்துக்கொண்டு தாளில் குறித்தார். கீதனின் விரல்களை என் சேர்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, அவனைத் தூக்கி நிறுத்தி, ஹெல்மெட்டையும் நானே போட்டுவிட்டேன். நான்காவது தடவை பந்து கைக்கு வந்தபோது மறுபடி விழுந்தான். அதற்குப் பிறகு அவன் தானாக எழும்பவில்லை.

பொய் சொன்னேன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கீழே இதையும் சேர்த்துவிடுங்கள். தலை தெளிவாக இருந்திருந்தால் கீதன் தன்னை விளையாட விடச்சொல்லித்தான் கேட்டிருப்பான்.