நல்லதம்பி இல்லாமல் போன தோணி

ஓடுகிறோம். வரம்பு வழுக்குகிறது. ஐந்து வயது மகள் என் இடுப்பில். முன்னால் என் கணவர் இஸ்மாயில். அவருக்கு முன்னால் அவருடைய காக்கா, மூத்த சகோதரர் காசிம். தூரத்தில் "டும்" என்று ஒரு சத்தம். பிறகு நீண்ட கூவல்.

"படுங்க! படுங்க!"

படுக்கிறோம். இரண்டு வயல் தள்ளி ஷெல் விழுகிறது. சேறும் பயிரும் முதுகில் கொட்டுகின்றன. எழும்பி ஓடுகிறோம்.

போர்க்காலத்து மார்கழி மாதம். வியாழக்கிழமை. காலை பத்து மணி. பெரும்போகப் பயிருக்கு யானைக் காவலுக்காகக் கல்முனைக்குடியிலிருந்து வந்து, ஆற்றுக்கு மேற்கே வயல் வாடியில், காவல் குடிசையில், தங்கியிருந்தோம். ஷெல் அடித்தது யார், யாருக்கு அடித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊருக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர்தான். அன்றைக்கு மேலே குளத்தின் கதவுகளைத் திறந்திருந்தார்கள். நடந்து கடக்கிற தாம்போதி மூழ்கிவிட்டது. மண் நிறத் தண்ணீர் இரைகிறது. மரங்கள் வேரோடு உருண்டு போகின்றன. ஆற்றுவாழை, ஆகாயத்தாமரைதான், பெரிய திட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு திட்டும் ஒரு வீட்டு வளவு அகலம்.

கரையில் ஒரு தோணி நின்றது. அதில் நல்லதம்பி. சொறிக்கல்முனைத் தமிழர். தாம்போதி மூழ்கும் காலமெல்லாம் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஏற்றி இறக்கியவர். அந்த வருடம் எங்கள் முஸ்லிம் ஆட்கள் அவருடைய தோணியில் ஏறுவதை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கொலைகள் நடந்திருந்தன.

"அவன்ட தோணில ஏறாதீங்க!" காசிம் மச்சான் கத்தினார். "நடு ஆத்துல கவுத்துப் போடுவான்!"

நல்லதம்பி அவரைப் பார்க்கவே இல்லை. "ஏழு பேர் மட்டும். பொம்பிளைகள், புள்ளைகள் முதல். மூட்டைய எறி."

நாங்கள் பதினொரு பேர். களை பிடுங்க வந்த ஐந்து பெண்கள், நான், மகள். ஏழு. என் கணவர் என்னைத் தோணிக்குள் தள்ளினார்.

"இஞ்சாருங்க, நீங்களும் வாங்க!"

"அடுத்த தடவை வாறன். போ."

நல்லதம்பி நேரே அக்கரைக்குப் போகவில்லை. கரையோரமாக, கொப்புகளைப் பிடித்து இழுத்து, தோணியை மேலே மேலே கொண்டு போனார். "எங்கயோ கொண்டு போறான், அல்லாஹ்!" என்று ஒருத்தி அழத் தொடங்கினாள். அவர் கம்பை ஊன்றித் தள்ளினார். ஆறு எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பெரிய ஆற்றுவாழைத் திட்டு வந்தது. அவர் விலகவில்லை. அதைப் போகவிட்டு, அதன் வாலில் தோணியின் தலையை வைத்தார். அங்கே மட்டும் தண்ணீர் மெதுவாக ஓடியது. மரமொன்று உருண்டு வந்து திட்டில் சிக்கி நின்றது. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஐந்து முழம்கூட இல்லை. நான் கேட்டுவிட்டேன்.

"அண்ண, எங்கள ஏன் ஏத்தினீங்க?"

"உங்கட ஆக்கள் என்ட தம்பிய வெட்டி ஒரு மாசம். உங்கள்ல எனக்கு ஒரு இரக்கமும் இல்ல. ஆனா ஆத்துக்கு ஆள் குடுக்க மாட்டன். அசையாமக் குந்து."

கிழக்குக் கரையில் இறங்கினோம். அங்கே துவக்குகளோடு ஐந்து பேர் நின்றார்கள். எங்கள் ஆட்கள். நல்லதம்பி ஏற்கெனவே தோணியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இறங்குடா! உளவு பாக்கவா வந்த?"

"அங்கால நாலு பேர் நிக்காங்க. உங்கட ஆக்கள்தான்."

தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கையைக் கட்டினார்கள். நான் கத்தினேன். "தோணிய அனுப்புங்க! என்ட மாப்பிள்ள அங்க நிக்காரு!" தோணியைத்தான் கேட்டேன். தோணிக்காரருக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மற்றப் பெண்களும் சொல்லவில்லை.

துவக்கில்லாமல் அங்கே நின்ற ஹனிபா, கடலில் தோணி விடுகிறவர், "நான் போறன்" என்று ஏறினார். நல்ல மனிதர். கடலை அறிந்தவர். நேரே அக்கரையைப் பார்த்துத் தள்ளினார்.

"மேல போ! மேல போயிட்டுத் தள்ளு!" கட்டிய கையோடு நல்லதம்பி கத்துகிறார். துவக்குப் பிடியால் வாயில் அடிக்கிறார்கள். இரத்தத்தோடு மறுபடியும் கத்துகிறார். "அந்தத் திட்டுக்கு முன்னால போகாத!"

திட்டு தோணியின் விலாவில் மோதியது. பின்னால் வந்த மரம் அதை அப்படியே புரட்டியது. ஹனிபாவின் ஒரு கை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அக்கரையில் நான்கு பேர் நிற்பது தெரிகிறது. என் கணவரின் வெள்ளைத் தொப்பி தெரிகிறது. வேறு தோணி இல்லை.

பதினொன்று நாற்பது. மறுபடியும் "டும்". கூவல். அக்கரையில் புகை. புகை போன பிறகு தொப்பி தெரியவில்லை.

நல்லதம்பியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கம் போனது என்று பார்த்தேன். எங்கே நின்றது என்று தெரியாது.

பல வருடங்கள் கழித்து, சண்டை முடிந்த பிறகு, அந்த ஷெல்லில் தப்பிய காசிம் மச்சானோடு சொறிக்கல்முனைக்குப் போனேன். அவர் ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நல்லதம்பியின் மனைவி தங்கம் என்னை இருக்கச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் ஆத்தோட போனாரா, கரையிலயா?"

"கரையில, அக்கா."

"இத்தன வருசமா நான் ஆத்தத்தான் திட்டிட்டு இருந்தன்" என்றார். கதவைச் சாத்தினார்.

இழந்தவை இவை. என் கணவர் இஸ்மாயில், முப்பத்திரண்டு வயது. அவரோடு நின்ற ஆதம்பாவா, மீராலெவ்வை. காசிம் மச்சானின் இடது கால். ஹனிபா, மூன்றாம் நாள் மையித்து கிடைத்தது. ஒரு தோணி. சொறிக்கல்முனை நல்லதம்பி, உடல் கிடைக்கவில்லை. ஐந்து உயிர்கள்.

கரை சேர்ந்தவர்கள் ஏழு பேர். சேர்த்தவர் நல்லதம்பி. அவர் உளவு பார்க்க வரவில்லை. இதை நான் அன்றைக்கு, அந்தக் கரையில், அந்த ஐந்து பேரிடம் சொல்லியிருக்க வேண்டும்.