அறுபது படிவங்களின் பின்பக்கம்

விழாவுக்குத் தலைமையேற்று, இந்தச் செவிலியர் கல்லூரியைத் தன் வீடுபோல் காத்துவரும் முதல்வர் அம்மையார் அவர்களே! கூடலூரிலிருந்து வந்து மேடையைப் பெருமைப்படுத்தும் ஜீப் உரிமையாளர் சங்கத் தலைவர் அண்ணன் பேச்சிமுத்து அவர்களே! மலைமேல் ஏலம் விளைவித்து மணம் பரப்பும் தோட்ட அதிபர் ஐயா சுரேஷ்கண்ணன் அவர்களே! சமுதாய நலச் செவிலியர் துறையின் பேராசிரியர் மதலேனாள் அம்மா அவர்களே! பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கப் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! வெள்ளைச் சீருடையில் விடியலாய் வீற்றிருக்கும் தங்கைகளே, தம்பிகளே! அனைவருக்கும் அருண்பாண்டியின் பணிவான வணக்கம்.

நான் செவிலியன் அல்லன். ஊசியைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டும். சிரிக்காதீர்கள், உண்மை. நான் புள்ளியியல் படித்தவன். மாணவிகள் தெருத்தெருவாக அலைந்து நிரப்பிவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றி, எது கூடியது, எது குறைந்தது என்று எண்ணாக்கித் தருவது என் வேலை. இந்த ஆண்டு நம் ஆசிரியர்களும் மாணவர்களும் முடித்த ஆய்வுகள் பதினொன்று. மேகமலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளின் இரத்தசோகையை அளந்தார்கள். சின்னமனூர்ச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் கையில் ஏந்திப் புண் பார்த்தார்கள். பட்டியலை ஐந்து நிமிடத்தில் வாசித்துவிட்டு இறங்கச் சொன்னார்கள். முதல் ஆய்வைத் தாண்ட என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநில அளவில் முதற்பரிசு பெற்ற ஆய்வு அது. செய்தவள் இறுதியாண்டு மாணவி ரோஸ்லின். கூடலூரிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அறுபது பேர். காலை ஐந்தரைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு இறங்குகிறார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பெரும்பாலோர் தண்ணீர் தொடுவதில்லை. சிறுநீர்த் தொற்று வருகிறது, காய்ச்சல் வருகிறது, மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஜீப் ஏறுகிறார்கள். ரோஸ்லின் அவர்களுக்கு இருபது கேள்வி கொடுத்தாள். பிறகு ஒரு மாதம் மாலைதோறும் போய்ப் பாடம் எடுத்தாள். எவ்வளவு நீர் குடிக்க வேண்டும், அடக்கினால் என்ன ஆகும், எந்த வலி வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று படம் காட்டிச் சொன்னாள். பிறகு அதே இருபது கேள்வி. முதலில் சராசரி ஏழு. பாடத்துக்குப் பின் பதினேழு! எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் முழுக்கத் துள்ளினேன்.

அந்த அறுபது பேரில் ஒருத்தி சங்கிலியம்மாள். வயது நாற்பத்தொன்று. பரீட்சை என்றதும் அந்த அம்மா கேட்டது: "ஏ ஆத்தா, எட்டாப்புல கணக்கு டீச்சருக்குப் பயந்து ஓடுனவ நான். இங்கனயும் தொரத்திட்டு வந்துட்டியா?" தெருவே சிரித்ததாம். ஆனால் இரண்டாம் பரீட்சையில் சங்கிலியம்மாள் வாங்கியது இருபதுக்கு இருபது. அறுபது பேரில் அவர் ஒருவர்தான் முழு மதிப்பெண். இரண்டு நாள் தெருவில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நாந்தான் பஸ்ட்டு. நர்சம்மாவே சொல்லிட்டாக. இனி எவளும் எனக்குப் புத்தி சொல்லப்படாது!"

கை தட்டுகிறீர்கள். வேண்டாம், தட்டாதீர்கள்.

கட்டுரை அச்சேறிய ஆறாவது வாரம் சங்கிலியம்மாள் இறந்துபோனார். சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள் இடுப்பு வலியோடும் குளிர்காய்ச்சலோடும் ஜீப் ஏறியிருக்கிறார். நான்காம் நாள் மருத்துவமனை. ஐந்தாம் நாள் எதுவும் மிச்சமில்லை. இந்த வலி வந்தால் ஓட வேண்டும் என்பது எங்கள் பதினான்காம் கேள்வி. அதற்கும் அவர் சரியாகத்தான் விடை எழுதியிருந்தார்.

தெரியாமல் இறந்தாரா? இல்லை. சொல்லித்தர ஆளில்லாமல் இறந்தாரா? அதுவும் இல்லை. பிறகு எதனால்?

அந்தக் கேள்வியோடு மதலேனாள் அம்மா என் அறைக்கு வந்தார்கள். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. "அருண், பழைய படிவத்தையெல்லாம் எடு. ரோஸ்லின் பின்பக்கத்துல என்னவோ எழுதியிருந்தான்னு சொன்னியே, அதக் காட்டு."

இந்த இடத்தில் என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளில் ரோஸ்லின் முதலில் இருபத்தோராவது கேள்வி ஒன்று வைத்திருந்தாள். "தெரிந்ததைச் செய்ய முடிகிறதா? இல்லையென்றால் ஏன்?" நான் அதைப் பேனாவால் அடித்தேன். "இதுக்கு மார்க் போட முடியாதும்மா. ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. கதையை எந்தக் கட்டத்துல ஏத்துறது? தேதி நெருங்குது, வெட்டு." வெட்டினாள். ஆனாலும் கேட்காமல் இருக்கவில்லை. இரண்டாம் பரீட்சையின்போது அவர்கள் சொன்னதைப் பென்சிலால் பின்பக்கத்தில் குறித்துவைத்தாள். "சார், இதையும் ஏத்தணுமா?" என்று கேட்டாள். "முன்பக்கம் போதும்" என்றேன். இரண்டே சொல். அந்த அவசரத்தோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அறுபதையும் திருப்பினேன். ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: "தண்ணி குடிச்சா எறங்கணும். எறங்குனா எங்கன போக?" இன்னொருத்தி: "டிரைவர் எளவட்டப் பிள்ளை. நிப்பாட்டச் சொல்ல நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது." மற்றொருத்தி: "செடிக்குள்ள ஒதுங்குனா அட்டை, மேட்டுல ஒதுங்குனா சூப்பர்வைசரு. அட்டையே தேவலம்." சங்கிலியம்மாளின் படிவத்தில் இருந்தது இது: "எட்டு டம்ளர் குடின்னு சொல்லிட்ட ஆத்தா. அத எங்கன விடன்னு சொல்லலையே?"

அறுபதில் ஐம்பத்திரண்டு பேர் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஓர் எண்கூடப் பொய் இல்லை, தாய்மார்களே. அதுதான் என் துயரம். பொய்யாக இருந்திருந்தால் பிடித்திருப்பேன். உண்மையாக இருந்ததால் ஏமாந்தேன்.

பின்னாலிருந்து ஓர் ஐயா, "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு" என்கிறீர்கள். கேட்கிறது. ஐயா, எனக்கும் வேறு பேச ஆசைதான். ஆனால் சங்கிலியம்மாள் உட்கார்ந்த அதே ஜீப்பில், அதே இடத்தில் இப்போது அவருடைய மகள் உட்கார்ந்து போகிறாள். பெயர் திரிஷா. வயது பத்தொன்பது. கம்பத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தவள். வீட்டில் கீழே இரண்டு பேர் படிக்கிறார்கள், இவள் நிறுத்திக்கொண்டாள். அம்மாவைப் போலவே காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு சரி. போன மாதம் அவளுக்கு முதல் தொற்று வந்தது. மருந்தில் அடங்கியது. அடுத்தது அடங்குமா?

ரோஸ்லின் சோர்ந்துவிடவில்லை. இரண்டாவது ஆய்வுக்குப் புதுப் படிவம் தயாரித்து எடுத்துக்கொண்டு போனாள். திரிஷா வாங்கிப் பார்த்தாள். "ஏக்கா, மறுபடி இருபது கேள்வியா? எங்கம்மா இருபதுக்கு இருபது வாங்குனாக, தெரியும்ல?" என்றாள். திரிஷாவே பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினாள். "இன்னைக்கு ஒதுங்க இடம் கிடைச்சுச்சா?" அவ்வளவுதான் கேள்வி. ஆம், இல்லை, இரண்டே கட்டம். நான் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு வரிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது.

ஒரு மாதம் ரோஸ்லின் அதை மட்டுமே கேட்டாள். ஒரு ஜீப், பதினான்கு பெண்கள், இருபத்தாறு வேலை நாட்கள். இருபத்தைந்து நாள் பதினான்கு பேரும் "இல்லை". ஒரே ஒரு நாள் பதினான்கு பேரும் "ஆம்". அன்றைக்கு என்ன நடந்தது?

அன்றைக்கு ஓட்டுநர் வினோத்ராஜ் மலையடிவாரத்தில் கழிப்பறை இருக்கும் இடத்தில் ஜீப்பைத் தானாகவே நிறுத்தினார். "எக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் அங்கன போயி டீ குடிச்சுட்டு வாரேன். நீங்க வாரப்ப வாங்க" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அண்ணன் பேச்சிமுத்து அவர்களே, உங்கள் சங்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும். ஆனால் ஐயா சுரேஷ்கண்ணன் அவர்களின் தோட்டத்தில் பெயர் கூப்பிடுவது ஏழரைக்கு. ஜீப் போய்ச் சேர்ந்தது ஏழு முப்பத்தெட்டு. எட்டு நிமிடம்! எட்டே நிமிடம்! பதினான்கு பேருக்கும் அரை நாள் கூலி இல்லை என்று சொல்லி வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். மறுநாள் காலை வினோத்ராஜ் வேகத்தைக் குறைத்ததும் உள்ளிருந்து பெண்களே குரல் கொடுத்தார்களாம். "ஏலே தம்பி, நிப்பாட்டாத. ஓட்டு, ஓட்டு."

எட்டு நிமிடத்துக்குப் பயந்து உடம்பை அடக்குகிறார்கள் ஐயா. உடம்பு எத்தனை நாள் அடங்கும்? எத்தனை பேர் அடங்குவார்கள்? இன்னும் எத்தனை பேரைப் படிவத்தில் எழுதி, பாடம் நடத்தி, மதிப்பெண் போட்டு, மலர்வளையம் வைப்போம்?

செவிலியர் தங்கைகளே, நீங்கள் செய்யும் ஆய்வு சிறிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபது கேள்வியால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு மாணவி பென்சிலால் கண்டுபிடித்தாள். அதைத்தான் நான் இந்த ஆண்டின் சாதனை என்பேன். மற்ற பத்து ஆய்வுகளின் படிவங்களையும் இந்த வாரம் திருப்பிப் பார்க்கப்போகிறேன். என்னைப் போன்றவன் எவனாவது "முன்பக்கம் போதும்" என்று சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

தோட்ட அதிபர் ஐயா அவர்களே, அண்ணன் பேச்சிமுத்து அவர்களே! நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். பெயர் கூப்பிடுவதைப் பத்து நிமிடம் தள்ளிவையுங்கள். ஏலக்காட்டுக்குள் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை ஒன்று கட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் எல்லா ஜீப்பும் கழிப்பறை உள்ள ஓரிடத்தில் நிற்கட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல்வர் அம்மா மணியைப் பார்க்கிறார்கள், முடித்துவிடுகிறேன். தோட்ட அதிபர் ஐயா, பதில் சொல்ல எழுந்திருக்கிறீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். இந்த மேடையில் எனக்குப் பதில் வேண்டாம். பரிசு வாங்க வேண்டிய ரோஸ்லின் இன்றைக்கு இங்கே வரவில்லை. கூடலூரில் ஜீப் இறங்கும் இடத்தில் படிவத்தோடு நிற்கிறாள். நாளைக்கும் நிற்பாள். நாளை மாலை ஐந்தரைக்குத் திரிஷா கீழே இறங்கி எந்தக் கட்டத்தில் குறி போடுகிறாளோ, அதையே நீங்கள் இன்று சொன்ன பதிலாக எழுதிக்கொள்கிறேன்.

இடையில் எழுந்து போகாமல் இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் நல்ல மனத்துக்கு என் நன்றி. வணக்கம்.