பாலத்துப் பக்கம்

இல்ல சார், பயமெல்லாம் இல்ல. முப்பது வருஷமா ஏர்போர்ட்லதான் பொழப்பு. நடு சீட்டுல மாட்டிக்கிட்டேன், ஜன்னல் உங்ககிட்ட இருக்கு, அதான் கேட்டேன். கீழ ஏரி தெரியுதா, பாலம் தெரியுதா? வெறும் மேகம்தானா. சரி, தெரிஞ்சா சொல்லுங்க.

இப்ப இறங்கப் போறோமே, அங்கதான் வேலை. ரேடார் மெக்கானிக். மக வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பறேன். ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு.

இந்த ஆட்டமா? இது வயித்தைக் கலக்கும், அவ்வளவுதான். இடி மேகத்துல ஆபத்து வேற. ஒரு வாளித் தண்ணியத் தரையில கொட்டினா நாலா பக்கமும் சிதறி ஓடும்ல, அப்படி மேகத்துலேர்ந்து காத்து மொத்தமா கீழ விழுந்து பரவும். இறங்கற விமானத்துக்கு முதல்ல எதிர்காத்து, நல்லாத் தூக்கிக் குடுக்கும். பைலட் இன்ஜினைக் குறைப்பார். அரை நிமிஷத்துல அதே காத்து முதுகுப் பக்கம் மாறிடும். தூக்கினது கைய விட்டுடும். தரை கிட்ட வந்தப்புறம்னா சமாளிக்க உயரம் ஏது?

அதைப் பார்க்கத்தான் சார் எங்க ரேடார் இருக்கு. மழைத்துளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து, காத்து திசை மாறினா கன்ட்ரோல் டவர்ல மணி அடிக்கும். இறங்காதேன்னு பைலட்டுக்குச் சொல்லிடுவாங்க.

ஏரிப் பக்கமா இறங்கினா ஒரு தொல்லையும் இல்ல. பாலத்துப் பக்கம்தான் இம்சை. அங்க போற லாரியெல்லாம் ரேடார்ல காத்து மாதிரியே விழும். ஒரு நாளைக்கு இருபது தடவை மணி. விமானத்தைத் திருப்பி விட்டுட்டு வெளிய பார்த்தா இலைகூட அசையாது. புலி வருது புலி வருதுன்னு உன் ரேடார் கத்துதுய்யான்னு டவர்ல ஒரே கிண்டல். மேனேஜர் எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்கினார். சரி பண்ணிட்டு லீவுல போன்னார். ஒழுங்காப் பண்ண ஒரு வாரம் வேணும். எனக்கு மறுநாள் டிக்கெட்.

தலைக்கு மேல இருக்கற பெல்லா? ரெண்டு தடவை அழுத்தினேனே, பார்த்தீங்கல்ல. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு இந்த ஆட்டத்துலயும் பெல்ட்டைக் கழட்டிட்டு எழுந்து வந்து, என்ன வேணும்னு கேட்டுச்சு. தண்ணின்னு சொல்லித் தொலைச்சேன். ரெண்டு தடவையும்.

என்ன, பாலமா? நல்லாப் பாருங்க. லாரி போகுதா?

அந்த இடத்தை மட்டும் பார்க்காதேன்னு ரேடாருக்குச் சொல்லி வெச்சுட்டுத்தான் சார் லீவுல போனேன். பத்து நாளா அந்தப் பக்கம் மணியே அடிக்கலையாம், மேனேஜர் போன் பண்ணிப் பாராட்டினார். பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா? என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும். அந்த பெல்லை நீங்க அழுத்தி, பைலட்டுகிட்ட இதைச் சொல்லச் சொல்லுங்க சார். நான் அழுத்தினா மறுபடியும் தண்ணிதான் கேப்பேன்.