ஒரு தடவைதான் கேட்டேன்

1. காலை 6.10. முதல் குண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம். 'தட்' என்ற ஓசை. அதன் பின் மண் கொட்டும் ஓசை.

2. 6.12. இரண்டாவது. இந்தப் பக்கம்.

3. சாலையில் பதினோரு பேர் நடந்துகொண்டிருக்கிறோம். கிடங்குச் சுவருக்குப் பின்னால் எங்களை ஏற்றிப்போக பஸ் நிற்கிறது. என்ஜின் ஓடும் சத்தம் கேட்கிறது.

4. நான் கத்துகிறேன். "ஏட்டி மாரி, ஓடு! ஓடுட்டி!"

5. நான் ஓடுகிறேன். சுவரோரப் பள்ளத்தில் விழுகிறேன். திரும்பிப் பார்க்கிறேன்.

6. மாரி பத்து அடிதான் ஓடியிருந்தாள். உட்கார்ந்துவிட்டாள். அடிபடவில்லை. தடுக்கி விழவில்லை. கால் தாங்கவில்லை. உட்கார்ந்தாள்.

7. 6.13. மூன்றாவது.

அது நாங்கள் நிலவறையில் ஒளிந்த பத்தொன்பதாம் நாள். அதற்கு முந்தைய பதினெட்டு நாட்களைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் மேலகரம். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளர். மாரி பாவூர்சத்திரம். நர்ஸ். அவள் அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். ஒரே பஸ்ஸில் போகும் ஊர்கள். ஆனால் நாங்கள் சந்தித்தது வெளிநாட்டில், ஒரே மருத்துவமனையில். அந்த நகரத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

போர் வந்தது. நிலவறைக்குள் போனோம். பதினோரு பேர். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. உணவுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு நாளுக்கு ஒரு வேளை. பகல் பன்னிரண்டு மணி. ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி. சிலருக்கு வாந்தி இருந்தது. தின்றது வீணாகக் கூடாது. அதனால் ஒவ்வொருவரையும் கேட்பேன். வேண்டுமா? வேண்டும் என்றால் ஒரு கோடு. வேண்டாம் என்றால் ஒரு பூஜ்யம். மிஞ்சிய துண்டை மற்றவர்களுக்குப் பங்கு போடுவேன். விதி அதுதான். எழுதியது நான்.

முதல் வாரம் மாரி சிரிக்கவைத்தாள். "எங்க ஊர்ல வெல இல்லன்னா கத்திரிக்காய மாட்டுக்குக் கொட்டுதாவ. இங்கன நான் காஞ்ச ரொட்டிக்கு வரிசையில நிக்கேன். மாடு பார்த்தா சிரிக்கும்லா?"

எட்டாம் நாள் பேச்சு நின்றது. பசி முதலில் வயிற்றில் இருக்கிறது. பிறகு காதுக்கு வருகிறது. அடுத்தவர் மெல்லும் சத்தம் கேட்கிறது. அவரை வெறுக்கத் தோன்றுகிறது. எல்லோரும் சுவரைப் பார்த்துத் தின்றோம். பிறகு கண்ணுக்கு வருகிறது. துண்டுகளை அளக்கிறது. அவனுக்குப் பெரியது, எனக்குச் சிறியது. அதன் பிறகு பசியே இல்லை. அதுதான் மோசம்.

பன்னிரண்டாம் நாள். மாரியிடம் கேட்டேன். "எனக்கு வேண்டாம்க்கா. நீங்க சாப்பிடுங்க."

எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதும் யாரும் கை நீட்ட மாட்டார்கள். வேண்டாம் என்பார்கள். இப்போதான் சாப்பிட்டேன் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்காமலே வைக்க வேண்டும். குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பூஜ்யம் போட்டேன். அவள் துண்டைப் பத்தாக்கினேன். என் பங்கு விரல்நுனி அளவு. தின்றேன். இனித்தது.

மறுநாளும் கேட்டேன். ஒரு தடவை. "வேண்டாம்க்கா." பூஜ்யம். இப்படி ஏழு பூஜ்யங்கள். பென்சிலை உடனே கீழே இறக்கினேன். அவள் மனம் மாறிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதை நினைத்தது பசியா நானா, தெரியவில்லை.

இப்போது மேலகரத்தில் இருக்கிறேன். குண்டு இல்லை. அம்மா மூன்று வேளையும் சமைக்கிறாள். நான் தட்டைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு தின்கிறேன். தலையணை உறைக்குள் சப்பாத்தி ஒளித்தேன். எறும்பு வந்தது. "ஏட்டி, எறும்பு கடிச்சுக் கொன்னுரும். யாரு பிடுங்கிட்டுப் போகப் போறா?" அம்மா கேட்டாள்.

சாரல் தொடங்கியது. மதினி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். குற்றாலத்துத் தண்ணீரில் குளித்தால் அகோரமாகப் பசிக்கும். அந்தப் பசிக்காகவே குளிக்க வருகிறார்கள். நான் குளிக்கவில்லை. கடை வாசலில் ஒருவர் பாதி பரோட்டாவோடு இலையைத் தொட்டியில் போட்டார். என் கை தொட்டிக்குள் போய்விட்டது. மதினி பிடித்து இழுத்தாள். "எல்லாரும் பாக்காவ. வாட்டி." அருவி இரைந்துகொண்டிருந்தது. அடுத்த குண்டு எப்போது விழும் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பாவூர்சத்திரம் போவதைத் தள்ளிப்போட்டேன். ஒரு மாதம். பிறகு போனேன். காலை பஸ்.

மாரியின் அம்மா குண்டைப் பற்றிக் கேட்கவில்லை. "கடைசில சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

பொய் தயாராக இருந்தது. வாயில் வரவில்லை. "கேட்டேன்மா. வேண்டாம்னு சொல்லிட்டா."

"வேண்டாம்னுதான் சொல்லுவா. அப்படித்தான வளர்த்தேன்." என்னைப் பார்த்தார். "நீ எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ."

வெளியே டெம்போ பின்னால் எடுக்கும் சத்தம். யாரோ "வரட்டும், வரட்டும்" என்று கத்துகிறார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். தட்டோடு வந்தார். நான்கு இட்லி. ஆவி பறக்கிறது.

"சாப்பிடுதியா?"

"வேண்டாம்மா." பழக்கத்தில் வந்துவிட்டது. எனக்குப் பசித்தது.

அவர் நின்றார். தட்டைப் பார்த்தார். திரும்ப உள்ளே எடுத்துப்போனார்.

இரண்டாம் தடவை கேட்கவில்லை.

இழந்தவை. சாலையில் இறங்கியவர்கள் பதினோரு பேர். பஸ் ஏறியவர்கள் ஒன்பது பேர். இறந்தவர்கள் இருவர்: மாரி, பெயர் முழுதாகத் தெரியாத ஒரு முதியவர். மாரியின் உடல் வரவில்லை. அவள் பை வரவில்லை. என் எடையில் பதினான்கு கிலோ போனது. அதில் ஆறு கிலோ திரும்பியது. பட்டியலை மட்டும் இழக்கவில்லை. சட்டைக்குள் வைத்திருந்தேன். ஏழு பூஜ்யங்களும் அழியாமல் இருக்கின்றன.

அந்தப் பூஜ்யங்கள் இல்லாவிட்டால் அவள் ஓடியிருப்பாளா? அளக்க என்னிடம் கருவி இல்லை.

இன்றைய நிலை: மேலகரம். கட்டிலுக்கடியில் ரஸ்க் ஆறு பாக்கெட். நேற்றும் ஆறு. யார் எது வேண்டுமா என்று கேட்டாலும் முதல் தடவையே வேண்டும் என்கிறேன். பாவூர்சத்திரத்துக்கு மறுபடி போகவில்லை.