புளி போட்டுத் துலக்கிய செம்பு மரம்

என் பெயர் சந்திரகலா, வயது 43, கணவர் பெயர் இளஞ்செழியன். திருவண்ணாமலையில் குடியிருந்து தையல் கடை நடத்தி வருகிறேன். என் கணவர் பழைய சுரங்கங்களில் கிடைத்த இயற்கைச் செம்புத் துண்டுகளைச் சேகரிப்பவர். அவற்றில் அமெரிக்காவின் மிச்சிகன் சுரங்கத்தில் எடுத்த, ஒரு சாண் உயரச் செம்பு மரம்தான் அவருக்கு உயிர். யாரும் வார்க்காமல், பாறைக்குள்ளேயே கிளை விட்டு வளர்ந்தது. மேலெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கரண்ட் போனால் அதை மடியில் வைத்து, ஒடிந்த நுனி ஒன்றைத் தடவியபடி இருட்டில் உட்கார்ந்திருப்பார். அப்போது கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

தீபத்திற்கு முந்தைய நாளான நேற்று அவர் வேலூர் போயிருந்தார். அடி அண்ணாமலை ஊரைச் சேர்ந்த சடையன் எங்கள் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் விளக்குகளைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கி முடித்து, இளவெயிலில் சற்றுக் கண்ணயர்ந்தேன். அந்த மரம் பாறைக்குள் தனியாக எரிந்துகொண்டிருப்பதாகக் கனவு வந்தது. விழித்த பிறகு, தீபத்தன்று அதுவும் மினுங்கட்டுமே என்ற ஆசையில் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சை கரைந்து, கிளைகிளையாகச் சிவப்பு வந்தது. அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, வேங்கிக்காலில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய் இரவு அங்கேயே தங்கினேன்.

அன்று மாலை திரும்பிய என் கணவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே, சடையன் மரத்தை எடுத்துக்கொண்டு புதுப் போலியை வைத்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். இன்று காலை சடையன் மனைவி ஜோதியம்மாள் தங்கை வீட்டுக்கே வந்து, "அக்கா, எங்கூட்டுக்காரரு ஸ்டேஷன்ல கீறாரு. அலமாரி பக்கமே அவரு போவலன்னு வந்து சொல்லுங்க" என்று அழுதார். உடனே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் முன்னிலையில் நடந்ததைச் சொன்னேன். என் கணவர், புகாரோடு தானே கொண்டுவந்து கொடுத்திருந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "பாவம் பாத்து பொய் சொல்றா சார். இது என்னோடது இல்ல" என்றார். இத்தனை வருடம் பார்த்தவருக்குப் பச்சை போனதும் ஆளே தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. மரத்தை அவர் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னேன். விரல் தானாக ஒடிந்த நுனிக்குப் போய் அங்கேயே நின்றது. "இதுதான் சார். அவர வுட்டுடுங்க" என்றார். அந்தப் பழைய பச்சை இனி வராது என்றும் சொன்னார்.

சடையன் மனைவியோடு வெளியே போய்விட்டார். நான் இதைச் சொல்லி முடிக்கும் வரை என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை.

நான் சொன்னபடியே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் நடந்ததே.

(ஒப்பம்) சந்திரகலா