ருமேனியா என்ற கட்டம்

விசாரணைக்கு ஜன்னல் உள்ள அறையில் உட்கார வைத்தீர்கள், நன்றி ஐயா. எங்கள் ஸ்டுடியோவில் ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருப்போம். கேமராவுக்கு வெயில் ஆகாது. யாஷ் நகரத்தில் காலை என்றால், பார்க்கிற அமெரிக்கர்களுக்கு நள்ளிரவு. அதனால் உள்ளே எப்போதும் விளக்குதான்.

என் பெயர் வியோரிகா. இணையத்தில் காசு கட்டிப் பார்க்கிற ஆண்களுக்காகக் கேமரா முன் உட்காருகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பேச்சை எப்படி இழுப்பது, குடித்துவிட்டு வருகிறவனை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் நான் சொல்லித் தருவேன். ஒப்பந்தம், வரி, வயதுச் சான்று எல்லாம் சட்டப்படி இருக்கின்றன. அதில் நீங்கள் ஒரு குறையும் சொல்ல முடியாது.

புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஊரில் யாராவது பார்த்துவிட்டால்? அதற்குக் கணினியில் நாடுகளின் பட்டியல் இருக்கிறது. ருமேனியா என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டால் இந்த நாட்டில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. அவள் கண்ணெதிரே நான் அந்தக் குறியைப் போடுவேன். அப்போது அவள் விடுகிற பெருமூச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். அந்தக் குறியை மாற்றுகிற கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஸ்மராண்டாவுக்கும் நான்தான் போட்டேன். வஸ்லுய் பக்கத்துக் கிராமத்துப் பெண், இருபத்தாறு வயது, சரியான வாயாடி. என்னை மேஜரம்மா என்பாள். வீட்டில் ஹோட்டலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அம்மாவோடு போனில் பேசும்போது எனக்குக் கண்ணைக் காட்டுவாள். நான் ஹோட்டல் மணி மாதிரி கரண்டியால் டம்ளரைத் தட்டுவேன். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் முதல் தேதி, வசந்தம் பிறந்ததற்காகக் குத்திக்கொள்கிற, சிவப்பும் வெள்ளையும் திரித்த நூலை வழக்கம்போல் என் சட்டையில் குத்திவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஈஸ்டரோட நான் கெளம்புறேன். எங்க ஊரு பாலர் பள்ளியில வேலை கெடச்சிருக்கு. பொடிசுங்களுக்கு மூக்கத் தொடச்சு விடணும், அவ்வளவுதான்."

"ஒனக்கு அங்க போரடிக்கும்டி."

"அடிக்கட்டும்க்கா. ஜன்னல் இருக்குல்ல."

எனக்குச் சந்தோஷம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வெளியே போகிறவள் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவனுக்குத் தெரியுமோ, அவளுக்குத் தெரியுமோ என்று ஆயுசுக்கும் பயந்து சாக வேண்டும். எப்படியும் தெரியப்போவது சீக்கிரம் தெரிந்துவிட்டால் எங்களிடமே திரும்பி வந்துவிடலாம். எங்களில் ஒருத்தியும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

அதனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரம், அவள் விளக்கடியில் சிரித்துக்கொண்டிருந்தபோது, ருமேனியாவுக்கு எதிரே இருந்த குறியை எடுத்தேன். நான்கு நாள் எடுத்து வைத்தேன். நான்கு நாள் போதும் என்பது அனுபவத்தில் தெரிந்தது.

பள்ளியில் சேர்ந்த மூன்றாம் நாள், குழந்தைகளின் தாய்மார் கைபேசிகளில் அவள் படம் சுற்றியது. பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாராம். அப்பா கதவைத் திறக்கவில்லை. அம்மா ஜன்னல் வழியாகத் துணிப்பையை மட்டும் நீட்டினாளாம்.

மே மாதம் திரும்பி வந்தாள். புளிப்புச் சூப் செய்து கொடுத்து, தலையைத் தடவி, இயந்திரக் கோளாறு என்றேன். அவள் கண்ணெதிரே மறுபடியும் குறியைப் போட்டேன். இந்த முறை அவள் பெருமூச்சு விடவில்லை. வீட்டிலிருந்து போனும் வரவில்லை. கரண்டியும் டம்ளரும் சும்மா கிடந்தன.

யார், எந்த நாளில், எதை மாற்றினார்கள் என்று கணினி குறித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவள் எப்படியோ தன் கணக்கில் அதைப் பார்த்துவிட்டாள். அச்சடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கத்தவில்லை. "மேஜரம்மா, நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

குறி மாறியவர்களின் முழுப் பட்டியலையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பதினொரு பெயர். பதினொன்றும் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். நார்சிசா மட்டும் வரவில்லை, அவளை ப்ரூத் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அடக்கத்துக்கு வந்த மலர் வளையங்களில் என்னுடையதுதான் பெரியது.

எனக்கு யாராவது இப்படிச் செய்தார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. பதினாறு வருடத்துக்கு முன் நானும் கேமரா முன் உட்கார்ந்தவள்தான். கல்யாணத்துக்காகக் கிளம்பினேன், மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ பார்த்துவிட்டார்கள். அப்போது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அவுரேலியா அம்மாதான் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். சூப் கொடுத்தார், தலையைத் தடவினார், இயந்திரக் கோளாறு என்றார். அந்தக் காலத்து இயந்திரங்கள் அப்படித்தான் ஐயா, அடிக்கடி கெட்டுப்போகும்.