ஆனை குந்திக்கிச்சி

போன்ல அந்த ஆனைய நிறுத்தும்மா, போதும். பஸ்ஸு இன்னும் முதுநகர் பாலமே தாண்டல, அதுக்குள்ள எத்தினி வாட்டி அது குந்தி எந்திரிக்கும்... அதுக்கும் காலு வலிக்குமா இல்லியா.

இல்ல பாப்பா, கோவம்லாம் இல்ல. நீ சிரி. ஊரே சிரிக்குது, நீ மட்டும் என்னாத்துக்கு சும்மா இருக்கணும். சத்தத்ததான் கொஞ்சம் கொறச்சிக்கன்னு சொல்றேன். அந்த வீடியோவுல பின்னாடி ஒரு பொம்பள பேசுது பாரு, அந்தக் கொரலு... தகர டப்பாவ ரோட்டுல இழுத்துகினு போற மாதிரி. என்னா? ஒனக்கு அதான் புடிச்சிருக்குதா? சரி, கேளு. நல்லா கேளு.

கபடி உலகக் கோப்பையாம். சென்னையிலயாம். ஆட்டத்துல எவன் ஜெயிச்சான் எவன் தோத்தான்னு இந்த பஸ்ல ஒருத்தர கேளு, தெரியாது. தொடக்க விழாவப் பத்திக் கேளு, டிரைவரு வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து பேசுவாரு. எங்க தெருவுக்குன்னு ஒரு குரூப்பு இருக்குது, வாட்ஸப்புல. தண்ணி எப்ப வரும்னு கேக்கறதுக்குன்னு ஆரம்பிச்சது. இப்ப அதுல எவனும் தண்ணியக் கேக்கறதில்ல. எல்லாரும் வெமர்சனம் எழுதுறான்.

பண்ருட்டிக்காரரு ஒருத்தரு குடி வந்திருக்காரு, அவரு எழுதுறாரு... மயிலு காட்டுனீங்க, மாடு காட்டுனீங்க, பலாப்பழத்த ஏன் காட்டலன்னு. கபடிக்கும் பலாப்பழத்துக்கும் என்னாய்யா சம்பந்தம்னா, மயிலுக்கும் கபடிக்கும் என்னா சம்பந்தம்னு திருப்பிக் கேக்குறாரு. அதுவும் நாயந்தான. நெய்வேலியில வேல பாக்குறவரு சொல்றாரு, அந்த லைட்டு எரிஞ்சதே எங்க கரண்டுல, ஒரு நன்றி சொன்னாங்களான்னு. சிதம்பரத்துல எங்க சித்தப்பா மவன் கதிர்வேலு இருக்கான், அவன் போன்லயே பேசி அனுப்புனான். மேடையில நடராசரு மாதிரி ஆடுனவரு கால மாத்தி தூக்கிட்டாராம். எந்தக் கால தூக்கணும்டான்னு கேட்டேன். 'இரு அக்கா'ன்னு எந்திரிச்சி தூக்கிப் பாத்தான் போல... தொப்புன்னு ஒரு சத்தம். அதோட ரிக்கார்டிங்கு நின்னு போச்சி.

தேரு வந்துச்சே, பாத்தியா? சிதம்பரத்துல தேரு பாத்தவங்க அத தேருன்னு சொல்லுவாங்களா? இட்லி வண்டிக்கு ஜிகினா ஒட்டுன மாதிரி. அதுல அந்தப் பேச்சு வேற... ஒருத்தரு மைக்கப் புடிச்சா அடுத்தவரு கைக்கு குடுக்க மாட்டேங்கறாரு. எனக்கு அதான் புடிக்காது. அடுத்தவங்களும் பேசணும்ல?

ஜன்னல சாத்தட்டுமா, தலையெல்லாம் பறக்குது ஒனக்கு... வேணாமா, சரி.

நான் எங்க பாத்தேன்னா, பக்கத்து ஊட்டு சவரியம்மா ஊட்டுல. அவுங்க பையன் துபாயிலேர்ந்து வந்தப்ப செவுரு சைசுக்கு ஒரு டிவி வாங்கி மாட்டிட்டு போயிட்டான். எங்கூட்டுல இருக்குறது சின்னது. அதுல பாத்தா ஆளு எறும்பு மாதிரி தெரியும். எம்பொண்ணு அந்த விழாவுல ஆடுறா, எறும்பா பாக்க முடியுமா. ஆமா பாப்பா, எம்பொண்ணு. இலக்கியா. சிதம்பரத்துல படிக்கிறா, ஆஸ்டல்ல இருக்கா. நீயும் அங்கதான் எறங்குற? எந்த காலேஜு? ...சரி சொல்ல வேணாம், இந்தக் காலத்துல சொல்லாம இருக்கறதுதான் நல்லது.

அவுங்க காலேஜுலேர்ந்து கொஞ்சம் புள்ளைங்கள பொறுக்கி எடுத்தாங்க. ரெண்டு மாசம் சென்னைக்கும் இங்கயும் அலைஞ்சி ஒத்திகை. கரகாட்டம், மொத வரிசைன்னு சொன்னா. நான் ரவிக்கை தைக்கிறவ, சும்மா இருப்பனா? மாம்பழக் கலர்ல, கையில கண்ணாடி வெச்சி, உக்காந்து தெச்சி அனுப்புனேன். தெருவுல ஒரு ஊடு பாக்கி இல்லாம சொன்னேன். புவனகிரியில எங்க நாத்தனா இருக்காங்க, ராஜாமணின்னு. அவுங்க பொண்ணு வெளிநாட்டுல இருக்குன்னு பத்து வருசமா எங்கிட்ட அளக்குறவங்க. அவுங்களுக்கு மட்டும் மூணு வாட்டி போன் பண்ணி சொன்னேன்.

அன்னிக்கி சவரியம்மா ஊட்டு கூடத்துல கால் வெக்க எடமில்ல. கரகாட்டம் வந்துச்சி. மொத வரிசையப் பாக்குறேன், எம்பொண்ணக் காணும். ரெண்டாவது வரிசையப் பாக்குறேன், காணும். எல்லாம் ஒரே மாதிரி மொகத்துல ரோஸ் பவுடரு, யாருன்னு தெரியல. இந்த ஜனங்க வேற, 'எங்க சந்திரலேகா, எங்க ஒம்பொண்ணு, எங்க'ன்னு கொடையுறாங்க. என்னா பண்றது... 'தோ, அந்த ஓரத்துல நிக்கிறா பாரு, அவதான்'னு ஒரு பொண்ணக் காட்டிட்டேன். யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும், நல்லா ஆடுச்சி. எல்லாரும் கை தட்டுனாங்க. சவரியம்மா, 'அப்படியே ஒன்ன உரிச்சி வெச்சிருக்கு'ன்னாங்க. நானும் ஆமாம்னுட்டேன்.

அதுக்கப்பறம்தான் அந்த ஆனை வந்துச்சி. பிரம்புல கட்டி சாம்பக் கலரு துணி போத்துன ஆனை. உள்ள ரெண்டு ஆளு. முன்னாடி இருக்கறது தலையும் தும்பிக்கையும் ஆட்டணும். பின்னாடி இருக்கறது குனிஞ்சிகினே நடக்கணும், அவ்ளோதான் வேல. நடு மைதானத்துக்கு வந்துச்சி. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் போன தூக்கி படம் புடிக்கிறாங்க. தும்பிக்கை ஒரு சுத்து சுத்துச்சி, அப்படியே தொங்கிப் போச்சி. பின்னாடி பொதக்குன்னு... அதான் நீ பாத்தியே, குந்திக்கிச்சி. குந்தி, ஒரு பக்கமா சாஞ்சி, அப்பறம் ஒரு கால மட்டும் தூக்குச்சி பாரு...

சிரிப்ப அடக்காத, வயிறு வலிக்கும். சவரியம்மா ஊடே உருண்டுது. நானும்தான். எம்பொண்ண காட்டாத கடுப்பு வேற இருந்துச்சா, எல்லாத்தையும் சேத்து அந்த ஆனை மேல எறக்கிட்டேன்.

என்னா அப்படிப் பாக்குற. ம்... கண்டுபுடிச்சிட்டியா.

ஆமா. 'ஏ, ஆனை குந்திக்கிச்சிடி. பின்னங்காலுல இருக்கற சோம்பேறி எவன்டா அவன். பெத்தவ சோறு போட்டு வளத்தாளா, கழனித்தண்ணி ஊத்தி வளத்தாளா'... நாந்தான். அந்த தகர டப்பா நாந்தான்.

டிவிய அப்படியே எம்போன்ல புடிச்சிகினே பேசுனேன். புடிச்சி ஸ்டேட்டஸ்ல வெச்சேன். இருக்கறது நாப்பது பேரு, ரவிக்கை தைக்க குடுக்குறவங்க, அவுங்க பாப்பாங்கன்னு. எங்க நாத்தனா அத எடுத்து சொந்தக்காரங்க குரூப்புல போட்டாங்க. அங்கேர்ந்து எவனோ எடுத்து, கீழ மோளம் சேத்து உட்டுட்டான். மறுநாளு எங்கூட்டுக்காரரு ஆட்டோ ஸ்டேண்டுக்குப் போனா, ஒவ்வொரு ஆட்டோவுலயும் எங்கொரலு. 'பொண்டாட்டி கொரலுக்கு பயந்துதான ஊட்ட உட்டு வந்தேன், இங்கயும் வந்துட்டா'ன்னு சொல்லிச் சிரிச்சாராம். எனக்கு என்னா பெரும தெரியுமா. இந்த பலாப்பழக்காரரு, கரண்டுக்காரரு எல்லாரும் எழுதி எழுதி வெச்சாங்க, ஒருத்தரு சீண்டல. நான் ஒரு வார்த்த பேசுனேன், ஊரு ஒலகம் கேக்குது. துணி குடுக்க வந்தவங்க எல்லாம் இன்னொரு தரம் சொல்லிக் காட்டச் சொன்னாங்க. சொல்லிக் காட்டுனேன்.

எம்பொண்ணுக்கு போன் போட்டேன். எடுக்கல. களைப்பா இருப்பான்னு உட்டேன். மறுபடி போட்டேன், எடுக்கல. சாயங்காலம் எங்கூட்டுக்காரரு வந்தாரு. ஆட்டோவ நிறுத்திட்டு உள்ள வரல, வாசல்லயே நிக்கிறாரு. அவரு ஊட்டுல அதிகம் பேச மாட்டாரு. அவரு பேருல வைத்தியம் இருக்குதே தவிர, வைத்திலிங்கம்னு, அவரு வாயிலேர்ந்து ஒரு வார்த்த வாங்க நம்மதான் வைத்தியம் பாக்கணும்.

'இலக்கியா பேசுனா'ன்னாரு.

'ஒங்க கிட்ட பேசுனாளா? எங்கிட்ட ஏன் பேசல?'

'அந்தப் பின்னங்காலு அவதான்'னாரு.

எனக்குப் புரியல பாப்பா. எந்தப் பின்னங்காலுன்னு கேட்டேன். அவரு எம்போனக் கையில எடுத்து அந்த வீடியோவ ஓட்டி, குந்துற எடத்துல நிறுத்திக் காட்டுனாரு.

மொதல்ல கரகாட்டத்துலதான் இருந்திருக்கா. ஒசரம் பத்தலன்னு நடுவுல எடுத்துட்டு ஆனைக்கு மாத்திட்டாங்க. முன்னங்காலு மாலதின்னு ஒரு பொண்ணு, சேத்தியாத்தோப்பு. மத்தியானத்துலேர்ந்து அந்தத் துணிக்குள்ளயே நிக்க வெச்சிருக்காங்க, தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்னு ரெண்டு பேரும் தண்ணி கூட குடிக்கல. நடு மைதானத்துல மாலதிக்கு கண்ணு இருட்டிகினு வந்து அப்படியே பின்னால சரிஞ்சிருக்கு. எம்பொண்ணு நவுந்திருந்தா அந்தப் பொண்ணும் உழுந்து, பிரம்புச் சட்டமும் மேல உழுந்து, அத்தினி ஜனங்க முன்னால துணி கிழிஞ்சி நின்னிருக்கும். இவ மண்டி போட்டு, அந்தப் பொண்ண முதுகுல தாங்கி, மொத்த ஆனையையும் சேத்து மெதுவா ஒக்கார வெச்சிட்டா. மொகத்துல ஊதி, கன்னத்துல தட்டி, எழுப்பி நிக்க வெச்சா. ஒரு காலு தூக்குச்சின்னு சிரிச்சமே... அது இவ முட்டிய உருவி எந்திரிச்சது. அப்பறம் அந்தப் பொண்ணையும் தள்ளிகினே மைதானம் முழுக்க நடந்தா. நாந்தெச்ச ரவிக்கைய போட்டுகினுதான் உள்ள இருந்திருக்கா.

மேடையில இருந்தவனுக்குத் தெரியாது, டிவியில பேசுனவனுக்குத் தெரியாது. அவன் 'அழகான நடிப்பு'ன்னான்.

அவ ஏன் எங்கிட்ட சொல்லலன்னு நீ கேப்ப. நானும் கேட்டேன், அவரத்தான். சொல்லியிருக்காம்மா. ரெண்டு வாட்டி போன் பண்ணி 'அம்மா, நான் ஆட்டத்துல இல்ல'ன்னு ஆரம்பிச்சிருக்கா. நான் என்னா பண்ணேன், 'இல்லன்னா வரிசையா நடந்து வர்றவங்கள்ல இருப்ப, அதுக்கும் மொத வரிசைதான, ரவிக்கைக்கு முதுகுல கயிறு வெக்கட்டுமா பட்டன் வெக்கட்டுமா'ன்னு போயிட்டேன். நாத்தனா கிட்ட சொன்னத, சவரியம்மா கிட்ட சொன்னத எல்லாம் சொல்லி முடிச்சி, 'சரி வெக்கட்டுமா'ன்னு வெச்சிட்டேன். அவ எந்த எடத்துல சொல்லுவா. மழ நிக்கட்டும்னு காத்திருக்கறவ மாதிரி நின்னு பாத்துட்டு உட்டுட்டா.

'பெத்தவ கழனித்தண்ணி ஊத்துனாளான்னு கேட்ட இல்ல'ன்னு எங்கூட்டுக்காரரு ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். செருப்ப உட்டுட்டு உள்ள போயி, போட்ட சோத்த தின்னுட்டு கைய கழுவிட்டாரு. அன்னிக்கி நான் திங்கல.

ஸ்டேட்டஸ எடுத்துட்டேன். எடுத்து என்னா, ஊரு பூரா கெடக்குது. சவரியம்மா கிட்ட போயி, ஓரத்துல நின்னது எம்பொண்ணு இல்ல, பின்னங்காலுதான்னு சொல்லணும்னு வாசப்படி வரைக்கும் போனேன். அவுங்க பேத்திக்கு என்னமாதிரியே பேசிக் காட்டிகினு இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். அதான் இன்னிக்கி கெளம்பிட்டேன், நேர்ல போயிடுவோம்னு. நான் வர்றேன்னு மட்டும் அவ கிட்ட சொல்லிடுங்கன்னு அவ அப்பா கிட்ட சொன்னேன். முட்டி வீங்கியிருக்குதாம். மருந்துக் கடையில முட்டிக்கு மாட்டுற பட்டை ஒண்ணு வாங்கினேன், இந்தா பாரு, இந்த சைசு போதுமா? ஒன் ஒசரந்தான் இருப்பா...

இரு, போனு அடிக்குது. அவதான். ஐய, எடுக்கறதுக்குள்ள கட்டாயிடப் போவுது... எங்க எந்திரிக்கிற? முன்னாடி சீட்டு காலியாயிடுச்சா? போ பாப்பா போ, அங்க காத்து வரும்.

அலோ. இலக்கியா... ம், அம்மாதான். முட்லூரு தாண்டியாச்சி. அப்பா சொன்னாரா... ம். இல்ல, நான் ஒண்ணும் பேசல. நீ சொல்லு.

ம்... ம்.

மாலதி நல்லா இருக்காளா... சரி. அவுங்க அம்மா வந்து ஒங்கையப் புடிச்சிகினு அழுதாங்களா... ம். இல்லடி, குறுக்க பேசல. சொல்லு.

ஆஸ்டல்ல எல்லாம் எங்கொரல்ல பேசுதுங்களா. ஒன்ன கழனித்தண்ணின்னுதான் கூப்புடுதுங்களா... சிரிக்கிற? நீ அழுவலியே?

அழுத. ம்... மொத நாளு.

ம்.

...இல்ல, லைன்லதான் இருக்கேன். தூசி, கண்ணுல. நீ சொல்லு.

முடிவு விழாவுக்கா? அந்த ஆனையேவா? ஜனங்க கேக்குறாங்களாமா... அதே மாதிரி குந்திக் காட்டணுமா? மயக்கம் வராமயே? நல்லா இருக்குது போ, தொழில் கத்துகிட்டீங்க. தண்ணி குடுப்பாங்களான்னு கேட்டுக்க மொதல்ல. ...என்னா? முன்னங்காலு தரேன்னாங்களா? தும்பிக்கையோடயா? வேணாம்னுட்டியா? ஏன்டி, தும்பிக்கைன்னா கேமரா... சரி. சரி. ஒன் இஷ்டம். பின்னங்காலே இரு. நான் ஒண்ணும் சொல்லல.

யாருகிட்டயாவது சொன்னேனாவா? உள்ள இருந்தது நீதான்னா? அந்தக் கொரலு என்னுதுன்னா? நான் யாருகிட்டடி சொல்லப் போறேன். ஏறுனதுலேர்ந்து வாயத் தொறக்கல. பக்கத்து சீட்டுல ஆளே இல்ல, வேணும்னா ஸ்டேண்டுக்கு வந்து நீயே பாரு.